பதினோரு கடை ஏறி இறங்கியும் கிடைக்காத மாத்திரை

கேள்வி கேட்டவர் கடலூர் முதுநகரைச் சேர்ந்த ஒரு தாய். ஒன்பது வயது மகனுக்கு ஏடிஎச்டி (கவனம் நிலைக்காத, அளவுக்கு மீறித் துறுதுறுக்கும் குறைபாடு) இருப்பதாகப் புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவர் சொல்லி, மெத்தில்பெனிடேட் 10 மில்லிகிராம் மாத்திரையைக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் மாதம் மருத்துவமனையை ஒட்டிய கடையிலேயே கிடைத்துவிட்டது. பையனும் வகுப்பில் ஒரு இடத்தில் உட்கார ஆரம்பித்தான். இரண்டாவது மாதம், ஒரு அட்டை மாத்திரைக்காக எதற்குப் பாண்டி வரை அலைய வேண்டும், இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், செம்மண்டலம் என்று பதினோரு கடை ஏறி இறங்கியிருக்கிறார். பத்துக் கடையில் ‘இல்லை’. பதினோராவது கடையில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது யாருக்கு?” என்று கேட்ட தோரணையில் அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பிய பில்லும் திரும்பி வந்துவிட்டது. அவர் கேட்பது இவ்வளவுதான்: ஏன் இப்படி அலைக்கழிக்கிறார்கள்? ஒரேயடியாக மூன்று மாதத்துக்கு வாங்கி வைக்க முடியாதா? ஆன்லைனிலோ, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மூலமாகவோ வாங்கலாமா? இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சண்டை போட்டால் பணம் வருமா?

நான் பார்மசிஸ்ட். புதுச்சேரியில் இருபது வருடத்துக்கு மேல் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். அதில் பாதிக் காலம் இந்த மாத்திரையை விற்கும் லைசென்ஸ் உள்ள கடையில்; மீதிக் காலம் அந்த லைசென்ஸ் இல்லாத கடையில். அதனால் ‘இல்லை’ என்று சொன்னவனும் நான்தான், எடுத்துக் கொடுத்தவனும் நான்தான்.

முதலில் அந்தப் பத்து ‘இல்லை’யைப் பார்ப்போம். பத்தும் ஒரே ‘இல்லை’ கிடையாது.

மெத்தில்பெனிடேட் 1945ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளில் ஷெட்யூல் எக்ஸ் என்ற பட்டியலில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. நாம் அன்றாடம் வாங்கும் பிரஷர் மாத்திரை, ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஷெட்யூல் எச் அல்லது எச்1. அவற்றைச் சாதாரண மெடிக்கல் ஷாப் லைசென்ஸிலேயே விற்கலாம். ஷெட்யூல் எக்ஸ் மருந்துக்கு அது போதாது. படிவம் 20எஃப் என்ற தனி லைசென்ஸ் வேண்டும். அதை வாங்கிய கடை இந்த மருந்தை வேறு எதுவும் வைக்காத தனி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். பக்க எண் அச்சிட்டுக் கட்டிய தனிப் பதிவேட்டில், விற்கும் அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். சீட்டின் ஒரு பிரதியை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான். ஒரு மாத்திரை கணக்கில் இடித்தாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு கடைக்காரரின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் கேட்கும் மருந்து. அதற்கு இவ்வளவு பாடு. பாரசிட்டமால் விற்றாலே அதைவிட அதிகம் நிற்கும். ஆகவே தெருக்கோடி மெடிக்கல்ஸ் அந்த லைசென்ஸ் பக்கமே போகாது. நீங்கள் ஏறிய கடைகளில் பெரும்பாலானவை இந்த ரகமாகத்தான் இருக்கும். அங்கே ‘இல்லை’ என்றால் இன்றைக்கு இல்லை என்று அர்த்தமில்லை, என்றைக்கும் இல்லை. மறுபடி போய்க் கேட்பதில் பயனில்லை.

இரண்டாவது ரகம், லைசென்ஸ் இருக்கிறது, சரக்கு இல்லை. உங்களுக்கு வேலை இருப்பது இந்தக் கடையில்தான், கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

மூன்றாவது ரகம், லைசென்ஸ் இருக்கிறது, சரக்கும் பூட்டுக்குள் இருக்கிறது, ஆனால் உங்கள் சீட்டு சரியில்லை. அதை விளக்கிச் சொல்ல நேரமில்லாமலோ, வம்பு எதற்கு என்றோ ‘இல்லை’ என்று முடித்துவிடுவார்கள். நானே செய்திருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம், கடை நிறையக் கூட்டம், ஒரு அப்பா வந்தார். கையில் சீட்டின் ஜெராக்ஸ் மட்டும்தான். ‘ஸ்டாக் இல்லைங்க’ என்று அனுப்பிவிட்டேன். ஒரிஜினலையும் அதன் நகலையும் டாக்டர் கையெழுத்தோடு கொண்டுவாருங்கள், தருகிறேன் என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. அவர் அதற்கப்புறம் எத்தனை கடை அலைந்தாரோ. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பதினோராவது கடைக்காரர் கேட்ட ‘இது யாருக்கு?’ என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய தோரணையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. நோயாளியின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏற வேண்டும். தவிர, நோயே இல்லாத மாணவர்கள் விடிய விடியப் படிக்க என்று இந்த மாத்திரையைத் தேடி வருவதும் உண்டு. பெரியவர் ஒருவர் சீட்டோடு வந்து நின்றால் அந்தச் சந்தேகம் வரும். ‘என் மகனுக்கு, வயது ஒன்பது, பாண்டியில் இன்ன டாக்டர் பார்க்கிறார்’ என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், பாதி இறுக்கம் போய்விடும். எனக்குப் பிடித்த தாய் ஒருவர் இருந்தார், பையனையே கூட்டிக்கொண்டு வருவார். அவன் கவுண்டரில் இருந்த தெர்மாமீட்டர், பஞ்சு, மிட்டாய் ஜாடி எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் இடம் மாற்றி வைத்துவிடுவான். அதற்கு மேல் யாருக்கு என்று கேட்க என்ன இருக்கிறது?

சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பாதி அலைச்சல் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பிரதி வேண்டும். ஒன்று எழுதி ஜெராக்ஸ் எடுத்தது போதாது. இரண்டிலும் டாக்டரின் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். டாக்டரின் பதிவு எண் தெரிய வேண்டும். பையனின் பெயர், வயதோடு முகவரியும் வேண்டும். பெரும்பாலான டாக்டர்கள் முகவரி எழுத மாட்டார்கள். நீங்கள்தான் கேட்டு எழுதி வாங்க வேண்டும். மருந்தின் மூலப் பெயரும், எத்தனை மில்லிகிராம் என்பதும், ஒரு நாளைக்கு எத்தனை என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். அப்புறம், எல்லாரும் கோட்டை விடுவது: மொத்தம் எத்தனை மாத்திரை என்ற எண்ணிக்கை. ‘ஒரு மாதத்துக்கு’ என்று மட்டும் இருந்தால் சில கடைகள் ஒத்துக்கொள்ளாது. ‘60 மாத்திரை’ என்று இருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது.

மருந்து கொடுத்ததும் உங்கள் பிரதியில் கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி எல்லாம் எழுதி முத்திரை வைப்பார்கள். அந்தச் சீட்டின் ஆயுள் அத்தோடு முடிந்தது. மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டர் எழுதியிருந்தால் ஒழிய, அதே சீட்டில் இரண்டாம் முறை வாங்க முடியாது. போன மாதச் சீட்டை நீட்டிவிட்டு ‘போன தடவை கொடுத்தீர்களே’ என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை.

சில கடலூர்க் கடைகளில் ‘இது பாண்டி டாக்டர் சீட்டு, இங்கே செல்லாது’ என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். அது தவறு. கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது இந்தப் பக்கம் தமிழ்நாடு அரசு, அந்தப் பக்கம் புதுச்சேரி அரசு. ஆனால் மருந்துச் சட்டம் மத்தியச் சட்டம். பதிவு பெற்ற மருத்துவர் முறையாக எழுதிய சீட்டு ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டியதும் செல்லாக்காசு ஆகிவிடாது. மருந்தோடு திரும்பி வரும்போதும் பயப்பட வேண்டாம். அங்கே பையைத் திறந்து பார்ப்பவர்கள் தேடுவது மது பாட்டிலை. மாத்திரை அட்டையோடு உங்கள் சீட்டுப் பிரதியும் பில்லும் பையில் இருந்தால் போதும்.

சரி, இரண்டாவது ரகக் கடைக்கு வருகிறேன். லைசென்ஸ் உண்டு, சரக்கு இல்லை. இந்தக் கடைக்காரர் மருந்தை ஒளித்து வைக்கவில்லை. அவருக்கு அதை வாங்கி வைக்க ஒரு காரணம் இல்லை, அவ்வளவுதான். அவர் வாங்கும் ஸ்டாக்கிஸ்ட்டுக்கும் ஷெட்யூல் எக்ஸ் மொத்த விற்பனைக்கென்று தனி லைசென்ஸ் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைவு. பத்து அட்டை வாங்கி வைத்து, இரண்டு அட்டை விற்று, மீதி எட்டும் காலாவதி ஆனால் அதைக் கணக்கு முடிப்பது இன்னொரு தலைவலி. எனவே யாராவது கேட்ட பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார். கேட்பவரோ ஒரு தடவை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். இப்படியே போனால் எல்லாக் கடையிலும் ஒரு தடவை கேட்டிருப்பீர்கள், எந்தக் கடையும் உங்களுக்காக ஒரு அட்டை கூட வாங்கி வைத்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது. பதினோரு கடை வேண்டாம். ஒரே கடை, கூடவே துணைக்கு இன்னொன்று. ‘இந்த மாத்திரை இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘உங்களிடம் ஷெட்யூல் எக்ஸ் லைசென்ஸ் இருக்கா?’ என்று போனில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பத்தில் ஒன்பது கடை கழிந்துவிடும், நடையும் மிச்சம். கடலூரில் பெரிய மருத்துவமனைகளுக்குள் இருக்கும் மருந்தகங்களை முதலில் கேளுங்கள். ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் கீட்டமினும் இருக்கிறது. அது மயக்க மருந்து என்பதால் அறுவை சிகிச்சை நடக்கும் இடங்களில் இந்தப் பட்டியல் மருந்துகளைக் கையாளப் பழகியிருப்பார்கள். பாண்டியில் ஜிப்மர் இருக்கும் கோரிமேடு பக்கத்துக் கடைகளில், மனநலப் பிரிவுச் சீட்டுகள் நிறைய வருவதால், விசாரிப்பது எளிது.

லைசென்ஸ் உள்ள கடை கிடைத்ததும் நேரில் போய், உரிமையாளரிடமோ பொறுப்பில் இருக்கும் பார்மசிஸ்ட்டிடமோ பேசுங்கள். கவுண்டரில் நிற்கும் பையனிடம் பேசிப் பயனில்லை. ‘என் மகனுக்கு மாதம் 60 மாத்திரை வேண்டும். குறைந்தது இந்தப் படிப்பு வருடம் முழுக்க வேண்டியிருக்கும். மாதா மாதம் 25ஆம் தேதி சீட்டோடு வருவேன். பத்து நாள் முன்னாடியே போன் பண்ணுவேன்’ என்று சொல்லுங்கள். எந்த பிராண்ட் என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள். நம் நாட்டில் இன்ஸ்பிரால், அட்வைஸ் போன்ற பெயர்களில் வருகிறது. இதைக் கேட்டதும் அந்தக் கடைக்காரருக்குக் கணக்கு மாறிவிடுகிறது. மாதத்துக்கு ஆறு அட்டை நிச்சயமாகப் போகும், தேங்காது, காலாவதி ஆகாது. உங்களைப் போல இன்னும் இரண்டு பெற்றோர் அதே கடைக்கு வந்துவிட்டால் அவர் ஸ்டாக்கிஸ்ட்டிடம் அதிகாரமாகவே கேட்பார். உங்கள் டாக்டரிடம் பார்க்கும் மற்றப் பெற்றோர்களிடம் பேசி எல்லாரும் ஒரே கடைக்கு வந்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். என் அனுபவத்தில், ஒரு ஊரில் இந்த மாத்திரை தட்டில்லாமல் கிடைக்கிறது என்றால் அங்கே ஐந்தாறு குடும்பம் ஒரு கடையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கும் கேள்வி. போதைப்பொருள் விதிகளில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தன் சொந்த மருத்துவத் தேவைக்காக ஒருவர் ஒரு நேரத்தில் 100 அலகு வரை வைத்திருக்கலாம். நீண்ட நாள் சிகிச்சைக்கென்று மருத்துவர் குறிப்பாக எழுதியிருந்தால் 300 வரை போகலாம். அலகு என்பது இங்கே மாத்திரை எண்ணிக்கை, மில்லிகிராம் இல்லை. உங்கள் மகனுக்கு ஒரு மாதத்துக்கு 60. இரண்டு மாதம் சேர்த்தாலே 120, நூறைத் தாண்டிவிடும். ஆகவே இரண்டு மாதத்துக்கு வாங்க வேண்டுமென்றால் ‘நீண்ட நாள் சிகிச்சை, 120 மாத்திரை’ என்று டாக்டர் கைப்பட எழுதியிருக்க வேண்டும். எழுதினாலும் சில கடைகள் ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்கத் தயங்கும். அது அவர்கள் எச்சரிக்கை. அதற்காகச் சண்டை போட்டு இருக்கிற ஒரு கடையையும் இழந்துவிடாதீர்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீங்கள் வாங்குவது சாதாரண மாத்திரை, மூன்று நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால்தான் மதியம் இன்னொன்று. மெல்ல மெல்லக் கரையும் நீண்ட நேர மாத்திரை என்று இருக்கிறது, காலையில் ஒன்று போட்டால் பள்ளி நேரம் முழுக்கத் தாங்கும். அப்போது மாதத்துக்கு 30தான் ஆகிறது. மூன்று மாதம் என்றாலும் 90, நூறுக்குள். மதிய மாத்திரையை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, போட்டானா, மறந்தாரா என்று வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுவதும் மிச்சம். விலை கூடும், பசி மந்தமும் தூக்கமும் சில குழந்தைகளுக்கு வேறு மாதிரி இருக்கும். அதனால் இது டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் மருந்து வாங்குவதில் இவ்வளவு சிரமம் என்று டாக்டரிடம் நீங்கள் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்று மட்டும்: நீண்ட நேர மாத்திரையை உடைக்கவோ பொடித்துப் பாலில் கலக்கவோ கூடாது. ஒரு பிராண்டிலிருந்து இன்னொரு பிராண்டுக்குக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு மாறவும் வேண்டாம். மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் மருந்து வெளிவரும் வேகம் ஒன்றாக இருக்காது.

ஷெட்யூல் எக்ஸ் தொல்லையே இல்லாத மருந்து இருக்கிறதே என்று யாராவது அட்டோமாக்ஸெட்டின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், அது ஷெட்யூல் எச், சாதாரண மெடிக்கல்ஸிலேயே ஒரு சீட்டில் கிடைக்கும். ஆனால் அது வேறு மருந்து. மெத்தில்பெனிடேட் போட்ட அன்றே வேலை தெரியும். அட்டோமாக்ஸெட்டின் முழுப் பலன் காட்ட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், தினமும் விடாமல் போட வேண்டும், குழந்தையின் மனநிலை மாறுகிறதா என்று ஆரம்பத்தில் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சில குழந்தைகளுக்கு அதுதான் ஒத்துவரும். கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்பது மட்டுமே காரணமாக இருந்தால் மாற்றாதீர்கள்.

மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் கிடைக்காமல் போனால் பதற வேண்டாம். மெத்தில்பெனிடேட் அன்றன்றைக்கு வேலை செய்து அன்றன்றைக்கே உடம்பை விட்டுப் போகும் மருந்து. அந்த இரண்டு நாள் வீடு ரெண்டுபடும், பள்ளியிலிருந்து போன் வரும், அவ்வளவுதான். விட்டுப்போனதைச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். சாயங்காலம் நினைவு வந்தது என்று அப்போது கொடுத்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். ஆனால் மருத்துவர் கூடவே குளோனிடின் என்று ஒன்று எழுதியிருந்தால் அந்தச் சீட்டைத் தனியாகக் கவனியுங்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். அது எல்லாக் கடையிலும் கிடைப்பதுதான், தீர விடாதீர்கள்.

ஆன்லைன் பற்றி. 2020 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களில், ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளையும் வீடியோ ஆலோசனையில் எழுதக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. எனவே போனில் டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்குவது நடக்காது. கையெழுத்திட்ட சீட்டின் ஒரு பிரதி கடையில் தங்கியாக வேண்டும் என்பதால் மருந்து ஆப்களிலும் இது ஒத்துவராது. ‘சென்னையில் இருக்கும் மச்சான் வாங்கி, பஸ்ஸில் கண்டக்டர்கிட்ட கொடுத்துவிடட்டும்’ என்று யோசிக்காதீர்கள். சீட்டில்லாத போதைப்பொருள் பட்டியல் மருந்து முன்பின் தெரியாத ஒருவர் கையில், அதுவும் ஈசிஆர் சாலையில். மச்சான் வாங்கினால் சீட்டோடும் பில்லோடும் அவரே கொண்டுவரட்டும்.

வெளிநாட்டுச் சொந்தங்கள். பாண்டியில் ஒவ்வொரு தெருவிலும் பிரான்ஸில் ஒரு பெரியப்பா இருப்பார். ரிட்டலின் (இதே மெத்தில்பெனிடேட்டின் வெளிநாட்டு பிராண்ட்) அங்கே சுலபமாகக் கிடைக்குமே என்ற நினைப்பு எல்லாருக்கும் உண்டு. அங்கேயும் கெடுபிடிதான், போலியாக அச்சடிக்க முடியாத விசேஷத் தாளில் எழுத வேண்டும், ஒரு சீட்டில் 28 நாளுக்கு மேல் எழுத முடியாது. அதுவும் பெரியப்பா பெயரில் இருக்கும் மருந்து உங்கள் பையனுடையது ஆகாது. அமெரிக்காவிலும் ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு வேண்டும். பழைய சீட்டில் மறுபடி நிரப்பித் தர மாட்டார்கள். 2022 அக்டோபரில், அங்கே ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் அட்டெரால் என்ற மருந்துக்குத் தட்டுப்பாடு என்று அங்கே அரசே அறிவித்தது. அங்குள்ள பெற்றோர்கள் ஊர் ஊராகப் பார்மஸிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அட்டெரால் ஆம்பெட்டமின் வகை. நம் நாட்டில் ஏடிஎச்டிக்கு அது விற்பனையிலேயே இல்லை, ஷெட்யூல் எக்ஸிலும் போதைப்பொருள் சட்டத்திலும் இருக்கிறது. யாராவது பாசத்தோடு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பதில் சொல்லப் போவது அவர்தான். இன்னொன்று, அமெரிக்கப் பெற்றோர் எழுதும் யோசனைகளைப் படித்துவிட்டு இங்கே வந்து ‘ப்ரையர் ஆத்தரைசேஷன்’ கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது அங்கே மருந்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் கட்டுவதற்கு முன் வாங்கும் அனுமதி. நம் நாட்டில் மருந்துக் கடையில் இன்ஷூரன்ஸ் அட்டை நீட்டும் வழக்கமே கிடையாதே!

கடைசியாக இன்ஷூரன்ஸ். உங்களுக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்று இருக்கும். ‘வெளிநோயாளி செலவுக்குப் பாலிசியில் இடமில்லை’ என்று இருந்தால் அவர்கள் சொல்வது சரி. நம் ஊர் ஹெல்த் பாலிசிகளில் பெரும்பாலானவை மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் கொடுக்கும். ஏடிஎச்டி சிகிச்சையில் படுக்கையே கிடையாது. ஆலோசனை, மாத்திரை, தெரபி எல்லாம் வந்து போவதுதான். அதில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் கணவர் வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்பீடு இருந்தால் அதில் ஓபிடி என்று வெளிநோயாளிச் செலவுக்கு ஒரு சின்னத் தொகை இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். இருந்தால் அதில் வாங்கலாம்.

ஆனால் ‘இது மனநலப் பிரச்சினை’ என்றோ ‘வளர்ச்சிக் குறைபாடு, பாலிசியில் விலக்கப்பட்டது’ என்றோ எழுதியிருந்தால் விடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது. 2019இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில், மனநோயையும் நடத்தை மற்றும் நரம்பு வளர்ச்சி சார்ந்த கோளாறுகளையும் விலக்குப் பட்டியலில் வைக்கக் கூடாது என்று வந்தது. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவர்தான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

பையனுக்குப் புதிதாகப் பாலிசி எடுப்பதாக இருந்தால் ஏடிஎச்டியை மறைக்காதீர்கள். ஏஜென்ட் ‘அதெல்லாம் எழுத வேண்டாம் சார், பிரீமியம் ஏறும்’ என்பார். நாளைக்கு டெங்கு வந்து படுத்தால்கூட, பழைய சீட்டைக் காட்டி உண்மையை மறைத்தீர்கள் என்று கையை விரிக்க அது போதும். முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று வருடம்தான். எழுதிவிட்டுக் காத்திருப்பதே மேல்.

இன்ஷூரன்ஸைவிட உருப்படியான வழி சிலருக்குக் கையிலேயே இருக்கும், கவனிக்க மாட்டார்கள். அது இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பிடித்தம் போகிறதே, அதுதான். கடலூர் சிப்காட்டிலும் பாண்டியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் வேலை செய்யும் எத்தனையோ பேருக்கு அது உண்டு. இஎஸ்ஐயில் வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் குடும்பத்துக்கும் சேர்த்து. மெத்தில்பெனிடேட் டிஸ்பென்சரியில் தயாராக இருக்காது. சிறப்பு மருத்துவரின் பரிந்துரையை எழுத்தில் வாங்கி, இருப்பில் இல்லாததை வெளியில் வாங்கித் தர வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இதற்கு உதவாது, அது மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானது. பையனுக்கு ஏடிஎச்டியோடு ஆட்டிஸமோ அறிவுத்திறன் குறைபாடோ சேர்ந்திருந்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தைப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளிச் செலவும் அதில் வரும். ஏடிஎச்டி மட்டும் என்றால் கிடைக்காது, அது எனக்கு இன்றும் புரியாத ஒரு அநியாயம்.

பாண்டி டாக்டரையே மாதா மாதம் பார்க்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். மருந்து அளவு நிலைப்பட்டுவிட்டால், எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துச் சீட்டு எழுதும் வேலையைக் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் ஒப்படைக்க முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். அவருக்கு அது கௌரவக் குறைச்சல் இல்லை. ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்று பள்ளிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்களே, அந்தத் திட்டத்தின் பட்டியலிலும் ஏடிஎச்டி இருக்கிறது. அதன் மாவட்ட மையத்தில் பதிந்துகொண்டால் தெரபிக்காவது செலவு குறையும்.

இப்போது உடனடியாக ஒரு வேலை. மாத்திரை இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணி, தீரும் தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்குப் பத்து நாள் முன்னால் இன்னொரு குறி போடுங்கள். கடைக்குப் போன் பண்ண வேண்டிய நாள் அது. தீபாவளி வாரத்திலும் பொங்கல் வாரத்திலும் ஸ்டாக்கிஸ்ட்டுகள் மூன்று நான்கு நாள் மூடிவிடுவார்கள், டாக்டரும் ஊருக்குப் போய்விடுவார். அந்த இரண்டு மாதங்களில் மட்டும் பத்து நாள் போதாது; போகிக்கு வீட்டை ஒழிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே மாத்திரை வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.